தண்ணீரில் இருந்துதான் அளவு

அளவு நாடாவின் நுனியைக் காளியாயியின் கையில் கொடுத்து, தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார் அதிகாரி.

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கொழுந்து பறிக்கப் போகாமல் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் காலையிலிருந்து ஆற்றங்கரையில் குளிரில் நின்றது வீண் போகவில்லை. மனுப் போட்டவளும் அவள்தான், இப்போது சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஆற்றுக்கு ஒரு கரையில் கொழும்பு முதலாளி கட்டும் ஹோட்டல். மறு கரையில் காளியாயி குடியிருக்கும் கீழ் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

முதலாளி தம் பக்கத்துக் கரையில் லொறி லொறியாக மண் கொட்டி நிரவினார். போன மழைக்கு ஆறு பெருகியது. ஹோட்டலுக்குள் போக அதற்கு அனுமதி இல்லை; பாவம், வேறு வழியில்லாமல் லயத்துக்குள் வந்துவிட்டது. அடுப்பு, அரிசி, மகள் தனுஜாவின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் என்று எல்லாம் போயின. லயத்துச் சனம் மொத்தமும் கோயில் மண்டபத்தில் சுருண்டு கிடந்தது.

வெள்ளம் வடிந்ததும் அரசாங்கம் விழித்துக்கொண்டது. வடிந்த பிறகு விழித்துக்கொள்வதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஹோட்டல் பக்கத்தில் ஓர் எல்லைக்கல் நட்டார்கள். கல்லுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு கூடை மண் கொட்டக்கூடாது, ஒரு செங்கல் வைக்கக்கூடாது. அது வெள்ளம் பரவுவதற்கு விட்ட இடம்.

மறு வாரமே கல் ஆற்றை நோக்கி நடக்க ஆரம்பித்தது. விடிந்தால் நாலடி, விடிந்தால் நாலடி. அரசாங்கத்துச் சாமான் எதுவும் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

கேட்கப்போனால் காவல்காரன் நாயை அவிழ்த்துவிட்டான்.

அப்போதுதான் காளியாயிக்கு அந்த யோசனை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், கல்லைப் பிடுங்கிப் பழைய குழியிலேயே நிறுத்தினாள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துச் சிவப்புத் துணி சுற்றிக் கற்பூரம் கொளுத்தினாள். எல்லைச்சாமி என்று பேரும் வைத்தாள்.

சட்டத்துக்குப் பயப்படாத முதலாளி சாமிக்குப் பயந்தார். தாமே வந்து தேங்காய் உடைத்தார். மழையில் நனையாமல் இருக்கச் சாமிக்குத் தகரக் கூரைகூடப் போட்டுக் கொடுத்தார். லயத்துக்குத்தான் அந்தக் கூரையைப் போட ஆளில்லை.

அதற்கப்புறம் கல் அசையவே இல்லை.

முதலாளியின் பக்தி அதோடு நின்றதா? ஆறு தூர்ந்து கிடந்தால் மறுபடியும் வெள்ளம் வருமே என்று கவலைப்பட்டு, தம் சொந்தச் செலவில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இறக்கி ஆற்றைத் துப்புரவாக்கினார். காளியாயிக்கு மனசு இளகிவிட்டது. பெக்கோ ஓட்டியவனுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். ஆற்றை அகலமாக்க, லயத்துக் கரையில் கறிக்கு அவள் போட்டிருந்த லீக்ஸ் பாத்தி இடைஞ்சல் என்று அவன் சொன்னபோது, தன் கையாலேயே பிடுங்கிக் கொடுத்தாள்.

பகல் முழுக்க மலையில் கொழுந்து பறிக்கிற சனம். அந்தியில் இறங்கி வரும்போது, சாமி இருந்த இடத்தில் இருக்கிறதா என்று இந்தக் கரையிலிருந்தே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு ஒருநாள் கல்லைத் தாண்டி ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்துக்குத் தூண்கள் எழும்பின. காளியாயி விடுவாளா? அதற்குத்தான் மனு. இன்னொரு மழைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட அவளால் முடியாது.

வந்த அதிகாரி மகாலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கை சுத்தம் என்று பேர் எடுத்தவர். முதலாளி நீட்டிய தேத்தண்ணியைக்கூட வாங்கவில்லை.

"ஐயா, அந்தா கல்லு. தூணெல்லாம் கல்லத் தாண்டி நிக்குது பாருங்க" என்றாள் காளியாயி.

மகாலிங்கம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கும்பிட்டார்.

"சாமி சாமியாய் இருக்கட்டும் அம்மா. கல்லைப் பிடுங்கி நட்டது நீங்கள்தானெண்டு ஹோட்டல்காரர் போட்டோ வைச்சிருக்கினம். இனி அந்தக் கல்லை நம்பேலாது. தண்ணியில இருந்துதான் அளவு."

நாடா அவள் கையிலிருந்து தூண் வரை ஓடியது. அவர் படித்தார். நேர்மையான மனிதர், இன்னொரு தடவையும் அளந்தார். சட்டம் கேட்ட தூரம் சரியாக இருந்தது. கொஞ்சம் கூடவே இருந்தது. ஒரு குறையும் இல்லை என்று முதலாளிக்குக் கைகொடுத்தார்.

காளியாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல் அங்கேயேதான் இருக்கிறது. அப்படியானால் இத்தனை தூரம் எங்கிருந்து வந்தது?

வந்ததுதான் வந்தோம், மற்றக் கரையையும் பார்த்துவிடுவோம் என்று மகாலிங்கம் பலகைப் பாலத்தைக் கடந்தார். நாடாவின் நுனியை மறுபடியும் அவளிடமே கொடுத்தார். லயத்துப் பக்கத்தில் தண்ணீர் ஓரமாகக் குந்தியவள் கீழே பார்த்தாள்.

அவளுடைய லீக்ஸ் பாத்தி இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

கல்லைத் தொட்டால் சாமிக் குற்றம் என்று, ஆற்றையே பிடித்து நகர்த்தியிருக்கிறார்கள்.

"ஐயா, ஆறு முன்ன இங்க இல்லீங்க, அந்தப் பக்கமாத்தான் ஓடுச்சுங்க" என்று கத்தினாள்.

மகாலிங்கம் அதற்குள் நாடாவை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து, அவள் வீட்டுக் கதவில் முதுகு இடித்து நின்றுவிட்டார். நாடாவைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. பையிலிருந்து சிவப்புப் பெயின்டை எடுத்து, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அந்தச் சுவரில், இடிக்க வேண்டியது என்று பெரிதாக ஒரு குறுக்குக் குறி போட்டார்.

பிறகு, உண்மையான வருத்தத்தோடு அவளிடம் கேட்டார்.

"என்னம்மா, ஆறு இருக்கெண்டு தெரிஞ்சும் இவ்வளவு கிட்ட வந்தே வீடு கட்டுறது?"