செம்பருத்தியில் ஒரு துளி

“இன்னும் கிட்ட போங்கண்ணே. பூ மட்டும் தெளிவா விழும், பின்னாடி எல்லாம் மங்கிடும்,” என்றாள் தெருவுக்கு எதிர்ப்புற ஃபிளாட்டில் இருக்கும் எழிலரசி.

“மங்கினாத்தாம்மா வேணும்,” என்றார் கொத்தனார் பாஸ்கல், செல்போனைக் குனிந்து பிடித்தபடி.

ஆஸ்பத்திரியில் இருக்கும் மனைவி தெரசாவுக்கு நாளைக் காலை இதய ஆபரேஷன். மனசு கலங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ, பாரிவாக்கம் ஏரிக்கரை வீட்டு வாசலில் தான் வைத்த செம்பருத்தியைக் காட்டச் சொல்லி நச்சரித்தாள்.

“இதழ்ல தண்ணி தெளிங்கண்ணே. துளி நின்னா அழகா இருக்கும்.”

தெளித்து, எடுத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் தெரசா கூப்பிட்டாள்.

“பூ ஜோரா கீதுய்யா. பெருசாக்கிப் பார்த்தேன். பின்னாடி கீறதெல்லாம் துளிக்குள்ள தலைகீழா தெரியுது. வானம் கீது, ஏரி கீது. நம்ம ஊடு எங்கய்யா?”

முந்தாநாள் பொக்லைன் இடித்துப்போட்ட தன் வீட்டுச் செங்கல் குவியல்மேல் பாஸ்கல் மெல்ல உட்கார்ந்தார்.