செங்கல் நிறம்

"அடியே, சர்க்கரை டப்பாவை எங்கயாக்கும் வெச்சிருக்காய்?"

கல்யாணமான நாளிலிருந்து அடுக்களைக்குள் கால் வைக்காத பிச்சுமணி விடியற்காலையில் இப்படிக் கேட்டதும் நீலாம்பாளுக்குச் சந்தேகம் தட்டியது. இடத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய மூத்திரப் பாட்டிலில் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டு, ஈர்க்குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார் மனிதர்.

அவருக்குச் சிறுநீரகத்தில் கல். வலி வந்தால் போடும் கூச்சலில், மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குச் சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் கத்தி என்றால் அதைவிடப் பயம்.

மூத்திரத்தில் சர்க்கரை இருந்தால் அறுக்க முடியாது, புண் ஆறாமல் சீழ் பிடித்து ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் குரியன் சொல்லியிருந்தார். பிச்சுமணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கல்லை விட்டுவைத்தாலும் ஆபத்துதான் என்று அதே டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நீலாம்பாள் காதில் ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நீல மருந்தில் சில சொட்டு விட்டு விளக்கில் காட்டினார்.

பச்சையாயிற்று. மஞ்சளாயிற்று. கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

பிச்சுமணி புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ ஓப்பரேஷன் கிடையாதாக்கும்?"

நீலாம்பாளுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

"இப்போ பற்றில்லா, செய்ய முடியாது," என்றார் டாக்டர். "சில ஆளுகள் பயந்துபோய் பஞ்சாரை, அதான் கடைச் சர்க்கரை, கலக்கிக் கொண்டுவரும். அதுக்கு இந்த மருந்து நிறம் மாறாது சாமீ, நீலமாவே நிக்கும். இது உடம்புலேர்ந்து வந்த அசல் சர்க்கரை."

பிச்சுமணியின் முகம் தொங்கிப்போயிற்று.

"கேட்டியோடீ நீலா? எனக்கு அசலாவே இருக்காம்!" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.



காலையில் அவர் வேஷ்டி மாற்றப் போன நேரத்தில், அந்தப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துக் கழுவி, கொல்லைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மறுபடி தன்னுடையதை நிரப்பி வைத்தவள் அவள்தான்.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். டாக்டரையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள்.