மஞ்சள் பிடி

அபாய மணி அலறியது.

அவன் திரும்பி ஓடினான். எட்டிப் பிடிப்பதற்குள் கைதிகள் பிளாக்கின் கதவு முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது. வெளியே சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

இரும்புத் தகடு அடித்த கதவு. கண் மட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பு. அதில் சக வார்டர் ஜெயசீலனின் கண்கள் தெரிந்தன.

மணி அடிக்கும்போது எந்த பிளாக்கையும் திறக்கக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டது கைதியானாலும் சரி, வார்டரானாலும் சரி. வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விதி. ஜெயசீலன் அதை இப்போது ஞாபகப்படுத்தினான். மணி நிற்கட்டும் மாப்ளே, உடனே திறந்துவிடுகிறேன் என்றான்.

திறப்பும் மூடிக்கொண்டது.

அதை மூட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

உள்ளே ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒரு எட்டு பார்த்துவிட்டு வா என்று அனுப்பியது ஜெயசீலன்தான். நோயாளியைப் பார்க்க லத்தி எதுக்கு மாப்ளே என்று சிரித்தபடி கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டதும் அவன்தான்.

உள்ளே யாருக்கும் காய்ச்சல் இல்லை.

மணி அடித்தால் கைதிகள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்திருந்தார்கள். வரிசை பிசகவில்லை. ஆனால் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள்.

யார் வந்து கேட்டாலும் நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லப் போகிற முதுகுகள்.

அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

கொம்பையா. ஆயுள் கைதி. போன மாதம் இதே சிறையில் செத்துப்போன இசக்கிராஜின் அண்ணன்.

இசக்கிராஜ் மாடிப்படியில் உருண்டு விழுந்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். கைதிகளுக்குள் வேறு பேச்சு ஓடியது. அன்றைக்கு டியூட்டியில் இருந்த வார்டர் அடித்தே கொன்றுவிட்டான் என்று.

டியூட்டியில் இருந்தது அவன்தான்.

அடித்தது அவன் இல்லை. தலைமை வார்டர். சீஃப் என்றால் சிறையில் எல்லோருக்கும் தெரியும். சீஃப் அடித்தார். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

நாளைக் காலை மாஜிஸ்திரேட் விசாரணைக்கு வருகிறார். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஒருவனிடம் மட்டும்தான் வாயைத் திறந்தான். இத்தனை வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்ட ஜெயசீலனிடம்.

கொம்பையா நடந்து வந்தான். அவசரமே இல்லாத நடை.

கையில் கத்தி.

சிறைக்குள் கத்தி புதிதில்லை. ஸ்பூனைத் தரையில் தேய்த்துக் கூராக்குவார்கள். டூத் பிரஷை உருக்கி பிளேடைப் பதிப்பார்கள். சோதனையின்போது அவனே எத்தனையோ பிடுங்கியிருக்கிறான்.

இது அப்படிப்பட்டதில்லை. மஞ்சள் பிளாஸ்டிக் பிடி. பளபளவென்று புதுசு. கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை.

பாத்திரக் கடையில் வாங்கிய கத்தி.

கைதியைப் பார்க்க வரும் ஜனங்களைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். காய்கறி மூட்டையைக்கூடக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். சோதனை இல்லாமல் உள்ளே வருகிறவர்கள் காக்கி போட்டவர்கள் மட்டும்தான்.

முதுகு கதவில் முட்டியது. கத்தியின் நுனி சட்டைப் பொத்தானுக்குக் கீழே வந்து நின்றது.

“ஏல, நீயும் அங்கனதான நின்ன?”

வார்டரை ஏல என்று கூப்பிட்ட கைதியை அவன் இதுவரை பார்த்ததில்லை.

இல்லை என்று சொல்லலாம். வார்த்தை பல்லுக்குப் பின்னால் தயாராக இருந்தது.

“நின்னேன்.”

கொம்பையாவின் தாடை இறுகியது. நுனி துணியைத் துளைத்தது. தோலில் சூடாக ஒரு பொட்டு.

அதற்குப் பிறகு அவன் பேச்சை நிறுத்தவில்லை. மணிச் சத்தத்துக்கு நடுவே கொம்பையாவின் காதருகே எல்லாவற்றையும் கொட்டினான். அடித்தது யார். இசக்கிராஜ் கடைசியில் தண்ணீர் கேட்டது. நாளைக்கு யாரிடம் என்ன சொல்லப் போகிறான். அது யாருக்குத் தெரியும். உன் தம்பியைக் கொன்றது இந்த வார்டர்தான் என்று சொல்லிக் கத்தியைக் கையில் கொடுத்தவன் யார், அவனுக்கு உன் தம்பிமேல் திடீரென்று எங்கிருந்து பாசம் வந்தது என்று கேட்டான்.

கொம்பையா குனிந்து கத்தியைப் பார்த்தான். கட்டைவிரல் விலைச்சீட்டின் ஓரத்தைச் சுரண்டியது.

மணி நின்றது.

மணி நின்றால் கதவு திறக்க வேண்டும்.

திறக்கவில்லை.

வெளியே பூட்ஸ் சத்தம் இல்லை. விசில் இல்லை. எந்த பிளாக்கிலும் எதுவும் நடந்த மாதிரி இல்லை.

கொம்பையாவின் இடது கை அவன் வாயைப் பொத்தியது. பீடி நாற்றம். வலது கை கத்தியை நகர்த்தவில்லை. அப்படியே அவனைத் தள்ளிக்கொண்டுபோய், திறப்பிலிருந்து பார்த்தால் தெரியாதபடி பக்கத்துச் சுவரில் சாய்த்தான்.

பிறகு, தண்ணீர் வாளியை எட்டி உதைத்தான். அது உருண்டு போய்ச் சுவரில் மோதியது.

பிறகு கொம்பையா முனகினான். குத்துப்பட்டவன் முனகுவது போல. நீளமாக, இழுத்து, அடங்கி.

ஒரு முதுகும் திரும்பவில்லை.

இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கதவையே பார்த்தார்கள்.

திறப்பு மெல்ல விலகியது. இத்தனை வருஷமாக மாப்ளே என்று கூப்பிட்ட குரல், ரகசியம் பேசுவது போலத் தணிந்து வந்தது.

“கொம்பையா... முடிஞ்சிட்டா? சீஃப் கேக்காரு.”