அன்று நின்ற இடம்

“பயந்துட்டியா?”

ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்து மெத்தையில் விழுந்து கிடந்த என்னிடம் பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அப்போது என் இடது முழங்கை, எந்த முழங்கையும் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது.

பதில் சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளே கதை தயார். பெண் பாதியில் பயந்துபோய்க் கம்பியை விட்டுவிட்டாள். சார் பக்கத்திலேயே நின்றும் பிடிக்க முடியவில்லை.

கம்பியை விட்டது உண்மை. விட்டு, காற்றில் திரும்பி, மறுபடி பிடிப்பதுதான் அந்த வித்தை. விடாமல் தொங்கினால் அதற்குப் பெயர் துணி காயப்போடுவது.

பிடி தவறினால் தாங்கிக்கொள்ள, கீழே ஒருவர் கை நீட்டி நிற்க வேண்டும். என் பிடி தவறியது. கீழே கை இல்லை.

சார் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. தலைகீழாகச் சுற்றுகிறவளுக்குக் கூடம் முழுவதும் வெறும் கோடுதான். ஏறுவதற்கு முன் “நிக்கிறேன், போ” என்ற குரல் மட்டும் கேட்டது. அந்தக் குரல் வந்தபிறகு எங்கள் கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சாரை நம்பவில்லை என்று அர்த்தம்.

“சார் பக்கத்துல இல்லம்மா.” ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் சொன்னேன்.

“நான் எதைடி கண்டேன்? தண்ணி பிடிக்கப் போயிருந்தேன்ல. அவரைப் பகைச்சுக்காத. டீம்ல யாருன்னு அவர்தான் முடிவு பண்றாரு.”

அவளைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன். குடிதண்ணீர்க் குழாய் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது.

கட்டைப் பிரித்தபோது கை நீளவில்லை. உடனே எல்லாரும் டாக்டர் ஆனார்கள்.

தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நில், பாரத்துக்குத் தானாக நீளும் என்றார் மாமா. தன் தொப்பைக்கு அவர் இதுவரை எந்த வைத்தியமும் பார்த்ததில்லை.

சார் வீட்டுக்கே வந்தார். கால் விரியவில்லை என்றால் சின்னப் பிள்ளைகளின் முதுகில் ஏறி உட்காருவது அவர் பழக்கம். அதே நியாயத்தில் என் கையையும் அமுக்கினார். முழங்கை பலூன் மாதிரி வீங்கியது. அம்மா அவருக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தாள்.

பிசியோதெரபி அக்காதான் கத்தினாள். “யாரு அமுக்குனது? இது என்ன கதவா, தள்ளித் திறக்க?”

அவள் சொன்னபடி மேஜைமேல் துண்டை வைத்து முன்னும் பின்னும் தள்ளினேன். அந்தக் கையாலேயே தலை வாரினேன், பொத்தான் போட்டேன். வீக்கம் வடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை நீண்டது. சுவரில் கால் சாய்த்துத் தலைகீழாக நின்றேன். பிறகு சுவர் இல்லாமல்.

கூடத்தில் அதற்குள் என்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கியிருந்தார்கள். அணியில் இடம் கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அந்தப் பெயரோடு மட்டும் வெளியே போகக் கூடாது.

அணித் தேர்வு நாளில் பெஞ்சு முழுக்கப் பெற்றோர்கள். தன் பெயரையே முதுகில் அச்சடித்த பனியனில் சார் உலாவிக்கொண்டிருந்தார்.

“நம்ம வீராங்கனை திரும்பி வந்துட்டாங்க. பாதில கையை விட்டுடாதம்மா!”

பெற்றோர்கள் சிரித்தார்கள். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தாள்.

உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு கம்பிக்குக் கீழே போனேன். சார் கம்பியை ஒட்டி வந்து, எல்லாரும் பார்க்கும்படி இரண்டு கைகளையும் நீட்டினார், கல்யாண போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி.

“நிக்கிறேன், போ.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“அன்னைக்கு எங்க நின்னீங்களோ அங்கயே நில்லுங்க சார். அப்பதான் எனக்குப் பயம் தெளியும்.”

“இங்கதானேம்மா நின்னேன்.” நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

அன்றும் கூடத்தில் இருந்த பிள்ளைகள், வரிசையில் உட்கார்ந்தபடி வாய் திறக்கவில்லை. திறக்க மாட்டார்கள்; அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். ஆனால் வாயை அடக்கப் பழக்கிய சார், கழுத்தைப் பழக்க மறந்திருந்தார். அத்தனை தலைகளும் எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பின.

அங்கே ஒரு பிளக் பாயிண்ட். சாரின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வயர் குட்டை. பேச வேண்டுமென்றால் அங்கேயே சுவரை ஒட்டிக் குனிந்து நிற்க வேண்டும். கையை எவ்வளவு நீட்டினாலும் கம்பி எட்டாது.

இவ்வளவுதானா. பெரிதாக ஏதாவது இருக்கும் என்று இத்தனை நாளும் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“சரி சரி, ஏறு, நேரமாகுது,” என்றார் சார். இந்த முறை குரல் சிரிக்கவில்லை.

பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், சாரைப் பார்த்தார்கள்.

அந்தப் பெஞ்சில் ஒரே ஒருத்திதான் பிளக் பாயிண்டைப் பார்த்தாள். நான் கேட்டு முடித்ததுமே, பிள்ளைகளின் தலைகள் அசைவதற்கு முன்பே, அவள் தலை அங்கே திரும்பியிருந்தது.

“அம்மா, அன்னைக்கு நீ தண்ணி பிடிக்கத்தானே போயிருந்த?” என்றேன்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். சாரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வாசலில் குவிந்திருந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலாலேயே தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.