ஆரஞ்சுத் துடுப்பு

திருமுல்லைவாயில் ஃபிளாட்டின் ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, அந்தமான் வீடியோவை டிவியில் ஓடவிடுகிறான் கிருபாகரன். காலையில் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்தே, கேட்காமலேயே எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்கிறான். மனைவி எழிலரசி வேர்க்கடலை உரித்தபடி பார்க்கிறாள். “படகுல, கால்ல ஆரஞ்சுத் துடுப்பு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர்தான் கைடு. நாங்க ரெண்டு பேருந்தான் இறங்குனோம். தண்ணிக்குள்ள வீடியோகூட அவர் எடுத்ததுதான்.” கூடம் முழுக்க நீலம் பரவுகிறது. கடலடியிலிருந்து கோபுரம்போல் எழும் பாறை, அதைச் சுற்றி மஞ்சள் மீன்கள், நடுவே முதுகில் சிலிண்டரோடு கிருபாகரன். குமிழிகள் கொத்துக்கொத்தாக மேலேறுகின்றன. “பாதுகாத்து வச்சிருக்கிற இடம். அங்க பாறையைக்கூடத் தொடக் கூடாது” என்கிறான். அந்தப் பாறைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சுத் துடுப்புகள் மெல்ல அசைந்து வருகின்றன. எழிலரசியின் விரல்கள் கடலையோடு நின்றுவிடுகின்றன. “ஏங்க, கைடு அங்க இருக்காரே. அப்போ வீடியோ எடுக்கிறது யாரு?” அவன் ரிமோட்டைத் தேடுகிறான். அது அவள் மடியில் இருக்கிறது. அண்ணனூர் பக்கம் மின்ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போகிறது. டிவியில் அவன் கேமராவை நோக்கி நீந்தி வந்து கையை நீட்டுகிறான். கேமராவின் பக்கமிருந்து, நீள நகம் வளர்த்த மெல்லிய கை ஒன்று வந்து அதைக் கோத்துக்கொள்கிறது.