இரண்டு கிணறு, ஒரு கவிஞர்

சோரிம் வட்டத்தின் பண்பாட்டு அதிகாரி பியோன், கிணற்றடியில் மூன்றாவது முறையாக விழுந்து கும்பிட்டார். முன்னால் ஒரு கருவாடும் ஒரு கிண்ணம் அரிசிக் கள்ளும் படைத்திருந்தார்.

"தாத்தா, எங்க வட்டத்தைக் காப்பாத்துங்க," என்று கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற ஆராய்ச்சியாளர் யுன்ஹேயின் கண் கலங்கிவிட்டது. எப்போதோ செத்துப்போன ஒரு கவிஞருக்காக, கவிதையே படிக்காத மனிதர் இப்படி மண்ணில் நெற்றியை வைக்கிறாரே.

கவிஞரின் புனைபெயர் பனிக்கொக்கு. அரசனின் கோபத்துக்கு ஆளாகி இந்த மலைப்பக்கம் விரட்டப்பட்டவர். அவர் கவிதைகளில் வரும் ஒரே ஒரு வரிதான் யுன்ஹேயின் எட்டு வருட ஆராய்ச்சி. 'ஓக் கொட்டை ஊறிய நீரில் கிணற்று நீரை ஊற்றினேன். கிண்ணத்தில் இரவு இறங்கியது.'

எல்லோரும் அதைத் துக்கம் என்றார்கள். யுன்ஹே மட்டும், அது மை காய்ச்சும் முறை என்றாள். ஓக் மரத்துக் கொட்டையின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் தண்ணீர் கறுக்கும். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருக்கிறதோ, அங்கேதான் அவர் குடியிருந்தார்.

'கவிதையைக் கரண்டியால் அளக்கிறாள்' என்று கருத்தரங்குகளில் சிரித்தார்கள். அவள் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுப்பவள். இன்றைய சோதனை பலிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் அவளுக்கு வகுப்பு கிடையாது என்று கல்லூரியில் சொல்லியாகிவிட்டது.

போட்டியில் இருந்தவை இரண்டு கிணறுகள். ஒன்று இது. இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம், யோன்பா வட்டத்தில். அந்த வட்டத்து அதிகாரி குவாக், பியோனைவிட வயதில் இளையவர். வசந்தத்தில் நடந்த முதல் கூட்டத்திலேயே இரண்டு பேரும் ஆர்வமாகத்தான் இருந்தார்கள்.

"மேடம், இதுதான் கிணறுன்னு முடிவாயிட்டா என்ன ஆகும்?" என்று அன்றைக்குக் கேட்டார் பியோன்.

"பாதுகாக்கப்பட்ட இடம்னு அறிவிச்சிருவாங்க சார். கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு யாரும் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. அவர் பாத்த அதே மலை, அதே நிலா, என்னைக்கும் அப்படியே இருக்கும்."

"ஒரு செங்கல்கூடவா?" என்றார் குவாக்.

"ஒண்ணுகூட!" என்றாள் யுன்ஹே பெருமையாக. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காபியை உறிஞ்சினார்கள். போட்டி அவ்வளவு கடுமை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கும்பிடு முடிந்து எல்லோரும் வட்ட அலுவலகக் கூடத்துக்கு வந்தார்கள். மேசையில் இரண்டு வெள்ளைக் கிண்ணங்கள், ஓக் கொட்டை ஊறிய தண்ணீரோடு தயாராக இருந்தன. வேதியியல் பேராசிரியர் மா, யுன்ஹேயோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் அன்று காலையில் தானே மொண்டு வந்திருந்தார்.

"உன் ஆளு எத்தனை கரண்டின்னு எழுதியிருக்கலாம்ல?" என்றார் மா. " அளவே சொல்லாம இரவு இறங்குச்சாம், இரவு."

"ஊத்துடா, பேசாம."

முதலில் சோரிம் தண்ணீர். ஊற்றியதும் கிண்ணம் மெதுவாக நீலம் பாய்ந்து, பிறகு கறுத்தது. யுன்ஹே நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பியோன் அசையவில்லை.

அடுத்தது யோன்பா தண்ணீர். அதுவும் கறுத்தது. முதலாவதைவிட வேகமாகவே கறுத்தது.

மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"இதென்ன கிணறா, கொல்லன் பட்டறையா? இவ்வளவு இரும்பை நான் எந்தக் கிணத்துலயும் பாத்ததில்ல."

"ஆனா இருக்குல்ல?" என்றாள் யுன்ஹே.

"இரும்பு இருக்கு. அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். கவிஞர் இருந்தாருன்னு நீதான் போடணும்."

யுன்ஹே இரண்டு முறை மூச்சு வாங்கினாள். "ரெண்டு இடத்துலயும் இருந்திருக்கார்! நடுவுல மலையைத் தாண்டி இடம் மாத்தியிருக்காங்க. அதான் பின்னாடி எழுதின கவிதையெல்லாம் அவ்வளவு குளிரா இருக்கு!"

"இப்பத்தானே கண்டுபிடிச்ச?"

"எட்டு வருசமா இருக்கிற சந்தேகம் இது," என்றாள் அவள், முகம் மாறாமல்.

கைதட்டல் அடங்குவதற்குள் கல்லூரித் தலைவர் போனில் வந்துவிட்டார். வகுப்பு உறுதி, ஆய்வு மையம் ஒன்றுக்கும் ஏற்பாடு செய்யலாம் என்றார். கரண்டி என்று சிரித்தவர்களில் இரண்டு பேர் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். இரண்டு அதிகாரிகளையும் கூடத்தில் காணோம். தோற்றவர் யாருமில்லை, ஆளுக்கொரு கவிஞர் கிணறு கிடைத்திருக்கிறது. நன்றி சொல்லலாம் என்று வெளியே வந்தாள்.

கட்டிடத்துக்குப் பின்னால், காபி இயந்திரத்தின் அருகே இருவரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். பியோன் தலையைக் கையில் தாங்கியிருந்தார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், பாவம் என்று நினைத்து அவள் மூலையிலேயே நின்றுவிட்டாள்.

"அடிக்கல் நாட்டத் தேதி குறிச்சாச்சுண்ணே. பேட்டரி கம்பெனிக்காரனுக்கு இப்ப என்ன பதில் சொல்றது?" என்றார் குவாக்.

"உனக்காவது கம்பெனி. எங்களுக்கு வரவேண்டிய புது பஸ் ஸ்டாண்டே போச்சுடா தம்பி."

குவாக் காகிதக் கோப்பையை நசுக்கிக் கீழே வைத்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"உங்க கிணத்துல நாங்க ரெண்டு மூட்டை ஆணிதான் போட்டோம்ணே. எங்க கிணத்துல நீங்க எத்தனை மூட்டை போட்டீங்க?"