முன்பல்

“அண்ணாச்சி, எனக்குக் கடையில சேலை எடுத்துக் காட்டுற வேலை வேணும்.”

அதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பொன்னுத்தாய் கேட்டேவிட்டாள்.

ஜவுளிக்கடை முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன படிச்சிருக்கே?”

“பி.காம். எங்க குடும்பத்துல காலேஜ் வாசல மிதிச்சது நான்தான்.”

“எங்க, கொஞ்சம் சிரி பாப்போம்.”

சிரித்தாள். அவர் முகம் சுளித்தார்.

“என்னட்டி, முன்பல்லு ரெண்டும் எலி கொறிச்ச மாதிரி தேஞ்சு கெடக்கு? சோடா மூடியப் பல்லால தொறப்பியோ? நகத்தக் கடிப்பியோ?”

“இல்ல அண்ணாச்சி.”

“படிச்சு என்ன புண்ணியம், பல்லப் பேணத் தெரியலையே. சேலை எடுக்க வாரவ உன் சிரிப்பப் பாத்தா புளியங்குடிக் கடைக்குல்லா பஸ் ஏறிருவா.”

தாடை வலித்தது. உதட்டை மூடிக்கொண்டாள்.

“ஒண்ணு செய். பின்னால நம்ம தறி ஷெட்டுல, நெய்த சேலையில பிசிறு நூல் எடுக்க ஆள் வேணும். அங்கன எவன் உன் பல்லப் பாக்கப் போறான்?”

“பிளஸ் டூ லீவுல இருந்து, காலேஜ் விட்டு வந்தும் அங்கனதான் அண்ணாச்சி வேலை பாக்கேன். ‘கத்திரி பட்டா சேலையில ஓட்டை விழுது, பல்லால கடிச்சு எடுங்கட்டி’ன்னு ஷெட்டு வாசல்ல நின்னு சொன்னது நீங்கதான்.”

முதலாளி இப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“இனி வேற பல்லத் தேடிக்கிடுங்க.”

ஷெட்டுப் பக்கம் திரும்பாமல், சேலை வாங்குபவர்கள் வரும் முன்வாசல் வழியாகவே அவள் தெருவில் இறங்கினாள்.